இலச்சினை பதிக்கும் முறை: ஆலோசனை தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் சிறு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு வழங்குவதற்காக 150 ஸ்டீல் தண்ணீர்ப் போத்தல்களிலும் 60 கறுப்புப் பருத்தி டீசேர்ட்டுகளிலும் இலச்சினை பதிக்க விரும்புகிறோம். சப்ளிமேஷன் சாயம் (வெப்பத்தால் ஆவியாக்கிப் பதிக்கும் சாயம்) பொலியெஸ்டர் இழையிலோ அதற்கென மேற்பூச்சிட்ட பரப்பிலோதான் பிடிக்கும் என்பதாலும், கறுப்புத் துணியில் அது எடுபடாது என்பதாலும், டீசேர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் என்று தீர்மானித்துவிட்டோம்.

போத்தலில்தான் குழப்பம். லேசர் செதுக்கல் கழுவக் கழுவ அழியாது. ஆனால் இலச்சினையின் சிவப்பு அதில் வராது (முதலாளிக்கு அந்தச் சிவப்புத்தான் உயிர்). யூவி அச்சில் (புறஊதா ஒளியால் மையை உடனே இறுகச் செய்யும் முறை) நிறம் வரும் என்றாலும், சென்ற வருடம் ஓரிடத்தில் அவ்வாறு அச்சிடுவித்த பேனாக்களில் எழுத்து இரண்டே மாதத்தில் உரிந்துபோனது. உலோகத்தில் மை பிடிப்பதற்கான முன்பூச்சு இட்டு, வளைந்த பரப்பிலும் யூவி அச்சுப் பதித்துத் தருகின்ற அச்சகம் எதையேனும் புறக்கோட்டை, மருதானைப் பக்கம் அனுபவத்தில் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். முதலில் ஒரு மாதிரி செய்து தருவார்களா என்பதையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.