இடைநிலை அளவு கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி: உங்களை உறுத்திய கணக்கு எது?

(ஜிமேட் என்ற மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வில் வரும் கேள்வி வகை இது: கொடுத்த கூற்றுகள் தனித்தனியாகவோ சேர்ந்தோ விடை காணப் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். இடைநிலை அளவு என்பது ஏறுவரிசையில் நடுவில் வரும் எண்; எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடு இரண்டின் சராசரி.)

பதிவு 1

க, ச, ட வெவ்வேறு முழு எண்கள்; இடைநிலை அளவு என்ன? கூற்று 1: க < ச < ட. கூற்று 2: மூன்றின் சராசரி 9, க + ட = 20. இரண்டாவதைப் படித்ததும் கூட்டுத்தொகை 27, ஆக ச = 7 என்று வந்துவிடும். அங்கேதான் சறுக்கல். ச நடுவில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. க 8, ட 12 என்றால் வரிசை 7, 8, 12, விடை 8. க 1, ட 19 என்றால் விடை 7. கூற்று 1-ஐ மறக்காமலே கூற்று 2-க்குள் போனால் ‘2 மட்டும் போதும்’ என்றுதான் தோன்றும். உண்மையில் இரண்டும் சேர்ந்தால்தான் போதும்.

பதிவு 2

எனக்கு இது: 5 எண்களின் சராசரி 10. இடைநிலை அளவு? கூற்று 1: மிகப் பெரிய எண் 10. கை தானாக ‘போதாது’ பக்கம் போகும். ஆனால் 10-ஐத் தாண்ட ஒன்றுமே இல்லாதபோது, ஒரு எண் கீழே இறங்கினாலும் சராசரி குறைந்துவிடும். ஐந்துமே 10! மற்றபடி, தெரியாத எண் இரண்டு இருந்தாலே ‘போதாது’ என்று குறித்துவிடலாம்.

பதிவு 3

மேலே உள்ள கடைசி வரியை யாரும் நம்பிவிடாதீர்கள். 7, 7, 7, க, ச: இரண்டும் எங்கே போய் விழுந்தாலும் மூன்றாம் இடத்தில் 7தான். கூற்றே தேவையில்லை.

தெரியாதவை எத்தனை என்பதை விட்டுவிட்டு, அவை நடு இடத்துக்கு எந்தப் பக்கம் விழும் என்று பாருங்கள். முதலில் தெரிந்தவற்றை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 3, 8, 12, 15. இதோடு க சேர்ந்தால், இடைநிலை அளவு 8-க்குக் கீழே போகாது, 12-க்கு மேலே ஏறாது. க > 12 என்றால் க எவ்வளவு என்றே தெரியாமல் விடை 12; போதும். க < 15 என்றால் போதாது: 5 வைத்தால் 8, 14 வைத்தால் 12. சோதிக்கும்போது இப்படி எல்லையின் இரு பக்கமும் வையுங்கள். 13, 14 என்று பக்கத்துப் பக்கத்து எண்களை வைத்தால் இரண்டும் 12 தந்து ஏமாற்றிவிடும். ஜிமேட் திரையில் கால்குலேட்டர் உண்டு. இதற்கு அது உதவாது.

பதிவு 4

6 முழு எண்கள், இடைநிலை அளவு 7. பட்டியலில் 7 உண்டா? நடுவில் 6, 8 இருந்தால் இல்லை. 5 எண்கள் என்றால் கட்டாயம் உண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதிவு 5

சம இடைவெளி என்றால் சராசரியும் இடைநிலை அளவும் ஒன்று. திருப்பிப் போட்டால் செல்லாது: 1, 2, 6, 7, 14. இரண்டுமே 6.