மிட்வைஃபரியா எஃப்என்பியா? ஆறு மாசமா முடிவுக்கு வர முடியல

லேபர்வார்டு_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல பிஎஸ்சி நர்சிங் முடிச்சு, அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை எழுதி ஹூஸ்டன் வந்து 7 வருஷம் ஆச்சு, அதுல 5 வருஷம் லேபர் அண்ட் டெலிவரிலதான், அதாவது பிரசவ வார்டுல. மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன், ஆனா பிரசவம் பாக்கற நர்ஸ் மிட்வைஃபா, இல்ல எல்லா வயசுக்காரங்களுக்கும் வைத்தியம் பாக்கற ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனரா (எஃப்என்பி)னு தெரியல. பிரசவம் பாக்கறதுன்னா எனக்கு உயிர், காலேஜ்ல பாத்த பிரசவத்தை எல்லாம் எழுதற கேஸ் புக் முடிக்கணும்னு ராத்திரி பூரா லேபர் வார்டுல நின்ன காலத்துலயே வந்த ஆசை. வீட்ல எஃப்என்பி படி, எந்த ஊர் போனாலும் வேலை இருக்கும், நைட் கிடையாதுங்கறாங்க. பொண்ணுக்கு 6 வயசு, அவங்க சொல்றதும் நியாயம்தான். இன்னொண்ணு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல எனக்கு ஆர்என் (நர்ஸ்) ஆர்எம் (மிட்வைஃப்) ரெண்டு பதிவும் இருக்கு, அந்த ஆர்எம் இங்க உதவுமா?

நியூமெக்சிகோ_அக்கா:
அந்த ஆர்எம்மை வச்சு இங்க மிட்வைஃபா வேலை பாக்க முடியாதுமா. அங்கீகாரம் உள்ள புரோகிராம்ல படிச்சு ஏஎம்சிபிங்கற மிட்வைஃப் சர்ட்டிஃபிகேட் போர்டோட பரீட்சை பாஸ் பண்ணினாதான் சிஎன்எம், அதாவது சர்ட்டிஃபைடு நர்ஸ் மிட்வைஃப். நான் 9 வருஷமா சிஎன்எம். ஒண்ணு நல்லா யோசிச்சுக்கோ, லேபர் நர்ஸா இருக்கறது வேற மிட்வைஃபா இருக்கறது வேற. தலை வந்து தோள் மாட்டிக்கிச்சுன்னா நர்ஸா இருக்கப்ப டாக்டரைக் கூப்பிடுவோம், இப்ப உள்ள இருக்கறது என் கை, முதல் தடவை அப்படி ஆனப்போ குழந்தை அழுத சத்தம் கேட்ட அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதே நேரம் வேலை பிரசவத்தோட நிக்காது, வயசுக்கு வந்த பொண்ணுல இருந்து மாதவிடாய் நின்னவங்க வரைக்கும் பாக்கறோம், கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் டெஸ்ட், குடும்பக் கட்டுப்பாடு, பொறந்த குழந்தையை 28 நாள் வரைக்கும். கூப்பிட்டா உடனே ஓடணும்ங்கற கால் ட்யூட்டி 24 மணி நேரம் இருக்கும், என் பையனோட ரெண்டு பொறந்தநாள் எனக்கு போயிடுச்சு. அது இன்னமும் வலிக்குது, மறைக்க மாட்டேன்.

கிளினிக்_தம்பி:
அக்கா, நான் டெக்சாஸ்ல ஒரு கிராமத்து கிளினிக்ல எஃப்என்பி. வேலை விஷயத்துல வீட்ல சொல்றது சரி, இந்த நாட்டுல நர்ஸ் பிராக்டிஷனர் பத்துப் பேர்ல ஏழு பேர் ஃபேமிலிதான். ஆனா எஃப்என்பி படிச்சா பிரசவம் பாக்க முடியாது, மாசமா இருக்கவங்க செக்கப் சில கிளினிக்ல பாக்கலாம், அதோட சரி. சுகர், பிபி, குழந்தைக்கு காது வலி, தாத்தாவுக்கு முட்டி வலி, இதான் என் நாள். எனக்கு இது பிடிக்கும், ஒரே வீட்ல மூணு தலைமுறையை பாக்கறேன். உங்களுக்குப் பிடிக்குமான்னு நீங்கதான் சொல்லணும். நைட் இல்லங்கறதும் பாதிதான் உண்மை, பொண்ணு தூங்கின அப்புறம் அன்னைக்கு பாத்த நோயாளிங்க ரெக்கார்டை எழுதி முடிக்க உக்காரணும். டெக்சாஸ்ல ரெண்டு பேருக்குமே மருந்து எழுத டாக்டரோட ஒப்பந்தம் வேணும். மெடிகேர்ங்கற அரசு இன்ஷூரன்ஸ் கணக்குல மட்டும் சிஎன்எம்முக்கு 2011ல இருந்து டாக்டர் ரேட்ல 100 சதவீதம், எஃப்என்பிக்கு 85.

ரெண்டும்_படிச்சவ:
ரெண்டையும் சேர்த்தே படிக்கலாம்பா, வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டில அப்படி ஒரு டூயல் புரோகிராம் இருக்கு. இல்ல முதல்ல சிஎன்எம் முடிச்சுட்டு பின்னாடி போஸ்ட் மாஸ்டர்ஸ் சர்ட்டிஃபிகேட்ல எஃப்என்பி சேர்த்துக்கலாம், நான் அப்படித்தான் பண்ணேன். கென்டக்கி மலைல 1925ல மேரி பிரெக்கின்ரிட்ஜ் ஆரம்பிச்ச சேவைல குதிரை மேல போன நர்ஸ் மிட்வைஃப்கள் பிரசவமும் பாத்தாங்க, வீட்ல இருந்த மத்தவங்களுக்கும் வைத்தியம் பாத்தாங்க, அதுல இருந்து வளர்ந்ததுதான் இன்னைக்கு ஃபிரன்டியர் நர்சிங் யூனிவர்சிட்டி, தூரத்துல இருந்தே படிக்கலாம். ஆனா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி உன் வீட்ல இருந்து ஒரு மணி நேர தூரத்துல சிஎன்எம் வேலை எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாரு, மிட்வைஃபையே எடுக்காத ஆஸ்பத்திரி நிறைய. கிளினிக்ல கூட இருந்து சொல்லிக்கொடுக்கற ப்ரிசெப்டரை ஸ்கூல் தேடித் தருமா நீயே தேடணுமான்னு எழுத்துல வாங்கு, நான் வாங்கல, 4 மாசம் போச்சு. வேலைக்கு சேரும்போது மால்ப்ராக்டிஸ் இன்ஷூரன்ஸ்ல டெயில், அதாவது வேலையை விட்ட பின்னாடி வர்ற கேஸுக்கான பாதுகாப்பு, அதை யார் கட்டுவாங்கன்னும் கேளு, பிரசவ கேஸ் வருஷம் கழிச்சும் கோர்ட்டுக்கு வரும்.

லேபர்வார்டு_பொண்ணு:
ரொம்ப நன்றி. அந்த தோள் மாட்டின கதையை மூணு தடவை படிச்சேன் அக்கா, பயமாவும் இருக்கு, அந்த இடத்துல நான் நிக்கணும்னும் இருக்கு. தாத்தா முட்டி வலி படிச்சப்ப அப்படி எதுவும் தோணல தம்பி, தப்பா நினைக்காதீங்க. எங்க யூனிட்டுக்கு வர்ற மிட்வைஃப் கிட்ட ஒரு கால் ட்யூட்டி முழுக்க கூட இருக்கேன்னு கேட்டிருக்கேன், அன்னைக்கு பொண்ணை அவங்க அப்பா எப்படி சமாளிக்கறார்னும் தெரிஞ்சுடும். போயிட்டு வந்து இங்கயே எழுதறேன்.