ஸ்பெஷல் கிளாஸா நார்மல் கிளாஸா, என்ன செய்யலாம்?

வணக்கம், நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட். மகனுக்கு ஆட்டிசம், அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு. இங்க தமிழ்ப்பள்ளியில ஸ்பெஷல் கிளாஸ் இல்ல, மலாய்ப்பள்ளிக்கு அனுப்புங்கன்றாங்க. அவன் பேசறதே கொஞ்சம், அதுவும் தமிழ்ல, அங்க போய் ஒண்ணுக்கு வருதுன்னுகூட எப்படி சொல்வான்?

பதில் 1: அக்கா, 2019லயே ஸீரோ ரிஜெக்ட் பாலிசி வந்தாச்சு, பள்ளியில பிள்ளைய வேணாம்னு சொல்ல முடியாது. பிபிடிக்கு, அதான் மாவட்டக் கல்வி ஆபீஸுக்கு, நேரா போய் பேசுங்க, ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) கையில இருக்கட்டும்.

பதில் 2: நார்மல் கிளாஸ்ல சேர்த்துக்கிட்டா மட்டும் போதுமாம்மா? முப்பது பிள்ளைங்க, ஒரே டீச்சர், பெம்பாந்து (பிள்ளைக்குத் துணையா இருக்கிற உதவியாளர்) யாரும் இல்லன்னா அவன் கடைசி பெஞ்சுல சும்மாதான் உக்காந்திருப்பான். என் பேரன் ஸ்பெஷல் கிளாஸ்லதான் சட்டை பட்டன் போட கத்துக்கிட்டான், அதுக்கே டீச்சர் தினமும் பக்கத்துல உக்காந்து கைய புடிச்சு காட்டுனாங்க.

பதில் 3: ரெண்டும் கலந்தும் செய்யலாம் சிஸ். ஸ்பெஷல் கிளாஸ் உள்ள பள்ளியில, முடியற பாடத்துக்கு மட்டும் நார்மல் கிளாஸுக்கு அனுப்புவாங்க, அதுக்குப் பேரு இன்க்ளூசிஃப் செப்பாரா, அப்படின்னு சொல்லிக் கேளுங்க. ஈப்போ பக்கம் தமிழ்ப்பள்ளி எதுலயாவது இருக்கான்னும் பிபிடியிலயே விசாரிங்க, தூரம்தான், ஆனா பிள்ளைக்கு மொழி புரியணும்ல, எனக்கு அதுதான் முதல்ல.