கொக்கு எழுத்தில் நாலு புள்ளியும் ஒட்டிக்கொள்கின்றன

தைவானில், ஷின்சுவில் இருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அடுத்த மாதம் 70 வயது. பைன் மரமும் கொக்கும் போல நீடு வாழ்க என்று பொருள்படும் 'சோங் ஹ யென் நியென்' என்ற நாலெழுத்துச் சீன வாழ்த்தைத் தூரிகையில் எழுதித் தருவதாக வாய்விட்டுவிட்டேன். மற்ற மூன்று எழுத்தும் சுமாராக வருகின்றன. கொக்கைக் குறிக்கும் 'ஹ' எழுத்துதான் வரவில்லை.

மொத்தம் 21 கோடுகள். இடப்பக்கம் 8 கோட்டுக் குட்டைவால் பறவை, தலையில் 2 கோட்டு மூடியோடு. வலப்பக்கம் 11 கோட்டுப் பறவை உறுப்பு. ஒரே எழுத்துக்குள் இரண்டு பறவை, அநியாயம்! அந்த 11 கோட்டுப் பறவையைத் தனியாக எழுதினால் அழகாகவே வருகிறது. கொக்குக்குள் ஒடுக்கி எழுதும்போதுதான் சிக்கல். கீழே வரும் நாலு புள்ளிகளில் முதல் இரண்டு சரியாக விழும். மூன்றாவது, வலப்பக்கம் மடங்கி இறங்கும் கோட்டின் நுனியில் உள்ள கொக்கியின் ஈர மையைத் தொடும். நாலாவதை வைத்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டு.

காய்ஷு பாணி (கோடுகளைத் தனித்தனியாகத் தெளிவாக எழுதும் முறை), 10 செ.மீ. கட்டம், ஆட்டுமுடியும் 'ஓநாய்முடி' எனப்படும் வீசல் விலங்கின் முடியும் கலந்த தூரிகை, பாட்டில் மை. பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. மையைக் குறைத்துப் பார்த்தேன், புள்ளிகள் வறண்டு போயின. மை ஊறாத படிகாரக் காகிதத்துக்கு மாறினேன், கொஞ்சம் தேவலை, ஆனால் கொக்கி இன்னும் இடிக்கிறது. சின்னத் தூரிகையில் கோடுகள் சோகையாகிவிட்டன. பழைய சீன எழுத்துக்கலைஞர் ஓயாங் ஷுன் பாணி மாதிரியை வைத்து இரண்டு வாரம் தடம் பிடித்தும் பயனில்லை. சீனாவின் எளிய வடிவத்தில் அந்த நாலு புள்ளியும் ஒரே கோடுதான், ஆனால் அந்த அம்மா ஏற்க மாட்டார்.

புள்ளிகளுக்கு இடம் கிடைக்க வலப்பக்கப் பறவையின் மேலே உள்ள பெட்டி போன்ற பகுதியின் உயரத்தைக் குறைக்க வேண்டுமா, கொக்கியை இன்னும் வலப்பக்கம் தள்ள வேண்டுமா?