பிராங்கன்ஸ்டைன் பெற்ற பிள்ளையை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

மெல்பர்னிலிருந்து

இந்தத் தொடரைத் தொடங்கி வைப்பது நான் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருட்டில் பேய் பார்த்த கதை அல்ல. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ என்ற 1818ஆம் ஆண்டு நாவலில் வருகிறானே, விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுத்த, பெயர்கூட வைக்கப்படாத ஒரு பிறவி, அவனை நம்மில் யார் யார் எங்கே, எந்த வேடத்தில் முதலில் பார்த்தோம் என்பதுதான் இங்கே பேச்சு.

நான் பார்த்தது 2014இல், திரையரங்கில், முப்பரிமாணக் கண்ணாடி வழியாக. படத்தின் பெயர் ‘ஐ, பிராங்கன்ஸ்டைன்’. மூக்குக் கண்ணாடிக்கு மேல் அதையும் மாட்டிக்கொண்டதால், வழுக்கி வழுக்கி விழுந்த அந்தக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடியே படம் முழுவதையும் பார்த்தேன். மறு கையில் மகனின் பாப்கார்ன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. படம் எங்கள் ஊரில் எடுக்கப்பட்டது என்பதைத் தவிர நான் போனதற்கு வேறு காரணம் இல்லை. தெரிந்த தெரு ஏதாவது வருகிறதா என்று தேடிக்கொண்டே இருந்தேன். திரையில் அது பெயரில்லாத ஏதோ ஓர் ஐரோப்பிய நகரம். எப்போதும் இரவு. தெருவில் ஒரு குஞ்சு குருவி இல்லை. வானத்தில் அவ்வளவு பெரிய போர் நடக்கிறது, ஒருவர்கூட ஜன்னலைத் திறந்து பார்க்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் புறநகரும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பதால் அதை மட்டும் மன்னித்துவிட்டேன்.

கதை தெரியாதவர்களுக்காக: 1795இல் விக்டர் பிராங்கன்ஸ்டைன் பனியில் விறைத்துச் சாகிறார். அவர் படைத்தவன் அந்த உடலைச் சுமந்து வந்து, குடும்பக் கல்லறையில் குழி தோண்டுகிறான். அங்கே அரக்கர்கள் அவன்மேல் பாய்கிறார்கள். மாதாகோயில் கூரையில் கல்லாக உட்கார்ந்திருக்கும் கார்காயில்கள் உயிர்பெற்று வந்து காப்பாற்றுகின்றன. அவற்றின் அரசி அவனுக்கு ஆதாம் என்று பெயர் வைக்கிறாள். இருநூறு ஆண்டுகள் கழித்தும் அவன் அதே உடற்கட்டோடு நம் காலத்தில் நடமாடுகிறான், அரக்கர்களை வேட்டையாடுகிறான். செத்த அரக்கன் நெருப்பாகித் தரைக்குள் இறங்குவான், செத்த கார்காயில் நீல ஒளியாகி மேலே போகும். தரைச்சக்கரமும் புஸ்வாணமும் மாறி மாறிக் கொளுத்திய தீபாவளி இரவு போல ஒன்றரை மணி நேரம். அவனாக நடிக்கும் ஆரோன் எக்கார்ட் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கட்டை வைத்துக்கொண்டு சுழற்றுகிறார். நம் சிலம்பம் போல நீளக் கம்பு அல்ல, பிலிப்பைன்ஸ் நாட்டுக் குறுந்தடிச் சண்டை. அதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருக்கிறார், அது தெரிகிறது. ஆறரைக் கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் இரண்டு கோடிகூட வசூலிக்கவில்லை. அது எனக்கு வியப்பாக இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. காருக்கு நடந்து வரும்போது மகன் கேட்டான்: “அவன் அசிங்கமாக இருப்பான், பார்த்தவர்கள் எல்லாம் ஓடுவார்கள் என்றுதானே சொன்னீர்கள்? அழகாகத்தானே இருக்கிறான்?” நான் படித்திருந்தது பள்ளிக்கால சுருக்கப் பதிப்பு மட்டுமே. பதில் சொல்லத் தெரியவில்லை. முகத்தில் நாலு தழும்பு, நீண்ட கோட்டு, சட்டைக்குள் இறுகிய வயிறு. இவனைக் கண்டு யார் ஓடுவார்கள்? மறுவாரம் நூலகத்திலிருந்து முழு நாவலை எடுத்து வந்தேன். அதில் வருபவன் யாரென்று இன்னும் நன்றாகப் படித்தவர்கள் சொல்லட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். என் சந்திப்பு வகுப்பறையில்தான், ஆண்டுக்கு ஒருமுறை.

மெல்பர்ன்காரரின் மகன் கேட்டது சரியான கேள்வி. நாவலிலும் விக்டர் அழகான உறுப்புகளாகத்தான் பார்த்துப் பொறுக்குகிறான். கறுத்துப் பளபளக்கும் கூந்தல், முத்துப் போன்ற பல். இவற்றோடு உள்ளே ஓடும் நரம்பை மறைக்கக்கூடப் போதாத மஞ்சள் தோல், நீர் கோத்த கண், கறுத்த உதடு. தனித்தனியாக அழகு, ஒன்றாகச் சேர்த்தால் கொடூரம். எட்டடி உயரத்துக்குக் காரணம் கேட்டால் மாணவர்கள் ‘பலத்துக்காக’ என்பார்கள். இல்லை. சின்னச் சின்ன உறுப்புகளைத் தைத்துப் பொருத்த நேரமாகிறது, வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அதனால் எல்லாவற்றையும் பெரிய அளவில் செய்துவிட்டான். அவசரத்தில் பிறந்த உயரம் அது. ஒரு பிள்ளையின் தலையெழுத்தே அந்த அவசரத்தில் தீர்மானமாகிவிடுகிறது என்பதை வகுப்பில் சொல்லும்போது எனக்கே தொண்டை கம்மும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் எழுந்து, “கார்காயில்கள் எந்த அத்தியாயத்தில் வருகின்றன?” என்று கேட்டான். படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு வரியில்கூட வராது என்றேன். முகம் வாடிவிட்டது. பாவம், அவனைத் தேற்றுவதற்காக கார்காயில் என்பது அடிப்படையில் கூரைத் தண்ணீரைச் சுவரில் படாமல் வெளியே துப்பும் கல் உருவம், நம் கருவறைச் சுவரில் இருக்கிற கோமுகிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று விளக்கினேன். அதற்கு மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டான்.

அன்று படிக்க வேண்டியிருந்தது பதினைந்தாம் அத்தியாயம். காட்டில் ஒரு குடிசை. அதில் கண் தெரியாத கிழவர், மகன், மகள். பக்கத்துக் கொட்டிலில் ஒளிந்திருந்து, பலகை இடுக்கு வழியாக மாதக்கணக்காக அவர்களைப் பார்த்துக்கொண்டே பேச்சு கற்கிறான் நம் ஆள். இரவில் போய் விறகு வெட்டிக் கொண்டுவந்து வாசலில் போடுகிறான். யார் போட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. ஏதோ நல்ல ஆவி என்கிறார்கள். கடைசியில் துணிந்து, மற்றவர்கள் வெளியே போன நேரம் கிழவரிடம் பேசப் போகிறான். கண் தெரியாதவர் ஆயிற்றே, கேட்பார் அல்லவா? கேட்கிறார். பரிவோடு பேசுகிறார். அதற்குள் மகன் வந்துவிடுகிறான். கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவனை இழுத்துத் தள்ளி, கம்பால் மாறி மாறி அடிக்கிறான்.

வாசித்துக்கொண்டிருந்த மாணவி அங்கே நிறுத்திவிட்டாள். அடுத்த வரியை நான் வாசித்தேன். சிங்கம் மானைக் கிழிப்பது போல அவனை நான் கிழித்திருக்கலாம், ஆனால் நெஞ்சு கனத்துப்போனது, கையை ஓங்கவில்லை என்கிறான். அடி வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறான். கோபம் பிறகு வருகிறது, கொலைகளும் பிறகு வருகின்றன. அவன் செய்தவை சிறிய பாவங்கள் அல்ல: ஒரு குழந்தை, ஒரு நண்பன், ஒரு மணப்பெண், செய்யாத குற்றத்துக்குத் தூக்கில் தொங்கிய ஒரு வேலைக்காரப் பெண். ஆனால் முதல் கம்பு அவன் கையில் இல்லை.

கார்காயில் பையன்தான் பின் பெஞ்சிலிருந்து சொன்னான்: “படத்தில் கம்பு இவன் கையில் இருக்கிறது.” இத்தனை ஆண்டு நடத்தியும் எனக்குத் தோன்றாதது. திரைக்கதை எழுதியவர்களுக்கும் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். அந்தப் பருவத்தில் உள்மதிப்பெண்ணைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். ஆதாம் என்ற பெயர் வானத்திலிருந்து விழுந்ததல்ல. நாவலில் பனிமலைமேல் விக்டரைச் சந்திக்கும்போது, ‘நான் உன் ஆதாமாக இருந்திருக்க வேண்டும், தள்ளப்பட்ட தேவதூதனாக இருக்கிறேன்’ என்று அவனே சொல்கிறான். ஆறு அத்தியாயத்துக்குத் தன் கதையைத் தானே பேசுகிறான், அவ்வளவு பேச்சு அவனுக்கு. படத்தில் இரண்டு மணிக்கொரு வாக்கியம். நாவலில் அவன் இறைச்சியும் தின்பதில்லை. ஆட்டையும் குட்டியையும் கொல்ல மாட்டேன், காட்டுக் கொட்டைகளும் பழங்களும் எனக்குப் போதும் என்கிறான். சைவச் சாப்பாட்டுக்காரனை வைத்து இவ்வளவு பெரிய சண்டைப் படம்.

கோயம்புத்தூரிலிருந்து

எனக்குத் தெரிந்தது கழுத்தில் இரண்டு பக்கமும் போல்ட் வைத்த தட்டைத் தலைக்காரன் மட்டுமே. சின்ன வயதில் என் பென்சில் பெட்டியில் இருந்தான். அது 1931 படத்தில் போரிஸ் கார்லாஃபுக்கு ஜாக் பியர்ஸ் போட்ட ஒப்பனை என்பதும், நாவலில் போல்ட்டே கிடையாது என்பதும் மிகவும் பின்னால் தெரிந்தது. இரண்டு நாள் ஏமாற்றப்பட்டது போல இருந்தது.

யாராவது வந்து ‘பிராங்கன்ஸ்டைன் என்பது டாக்டரின் பெயர், பூதத்தின் பெயர் அல்ல’ என்று திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அவன் டாக்டரும் இல்லை, படிப்பை முடிக்காத மாணவன். 1823இல் லண்டனில் நாடகமாகப் போட்டபோது நடிகர் பட்டியலில் பூதத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். மேரி ஷெல்லியே நேரில் போய்ப் பார்த்து, அந்தக் கோட்டை ரசித்திருக்கிறார். படத்தின் கடைசியில் அவன் அப்பன் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொள்வது, எனக்கென்னவோ, பிடித்திருந்தது.

ஜெனீவாவிலிருந்து

நான் வாசகன் இல்லை. இங்கே ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் உங்கள் ஆளை நான் வாராவாரம் சந்திக்கிறேன்.

பிளான்பலே என்று இங்கே பெரிய மைதானம் ஒன்று இருக்கிறது. அதில் பழைய சாமான் சந்தை கூடும். அந்த மைதானத்தில் 2014ஆம் ஆண்டிலிருந்து அவன் வெண்கலமாக நிற்கிறான். கிழிந்த உடுப்பு, நாடோடிக் கோலம், என்னைவிட நல்ல உயரம். முதலில் பார்த்தபோது வீடில்லாத யாருக்கோ சிலை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எண்ணினேன். பெட்டி பெட்டியாகப் பழைய கரண்டி விற்கும் கிழவர் ஒருவர்தான் சொன்னார், கதையில் அவன் முதல் கொலை செய்கிற இடம் இதுதான் என்று. விக்டரின் சின்னத் தம்பியை. ஒரு ஊர், தன் பிள்ளையைக் கொன்றவனுக்கு அதே இடத்தில் சிலை வைத்திருக்கிறது. அன்றைக்கு நான் வாங்க வந்த தோசைக்கல்லுக்கு ஏற்ற தட்டையான இரும்புச் சட்டியை வாங்காமல், அந்தக் கிழவரோடு நின்று கதைத்துவிட்டுத் திரும்பினேன்.

கதை பிறந்த வீடும் இங்கேதான், ஏரியைப் பார்த்த கொலொனி மேட்டில். வில்லா டியோடாட்டி. உள்ளே போக முடியாது, பக்கத்தில் உள்ள புல்வெளியிலிருந்து பார்க்கலாம். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய சாம்பலால் 1816இல் இங்கே கோடையே வரவில்லை. மழையில் வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தியான மேரி ஷெல்லிக்கு அப்போது 18 வயது.

பிறகு புத்தகத்தைப் பிரெஞ்சில் வாங்கி, ஒரு குளிர்காலம் முழுவதும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பேராசிரியர் சொன்ன அந்தக் குடிசைக் கட்டத்தில் எனக்கு வேறு ஒன்று பட்டது. அந்தக் குடும்பம் ஜெர்மன் காட்டில் இருந்தாலும் பிரெஞ்சுக்காரர்கள், பாரிஸிலிருந்து துரத்தப்பட்டவர்கள். அவர்களிடம் ஒரு அரேபியப் பெண் வந்து சேர்கிறாள். அவளுக்குப் பாஷை தெரியாது. மகன் அவளுக்குச் சொல் சொல்லாகச் சொல்லிக் கொடுக்க, இடுக்கு வழியாக இவன் ஒட்டுக் கேட்டுப் படிக்கிறான். ஆக, அவனுக்கு முதலில் வந்த பாஷையும் பிரெஞ்சுதான். நான் படித்ததும் அப்படியே. தட்டு கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் வழியாகச் சமையல்காரர்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் பிரெஞ்சு. முதல் ஆறு மாதம் நான் வாய் திறக்கவில்லை. ‘சூடு’, ‘பின்னால்’, ‘சீக்கிரம்’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் வாழலாம் என்பது எனக்குத் தெரியும். நான் முதன்முதலாக முழு வசனம் ஒன்று பேசியபோது தலைமைச் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் கம்பை எடுக்கவில்லை, சிரித்தார்.

சண்டைப் படத்தை மகள் போட்டுக் காட்டினாள். பாதியில் நித்திரையாகிவிட்டேன்.

மெல்பர்னிலிருந்து

மேலே உள்ளவற்றையெல்லாம் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவன் என்னைவிட உயரம். போன வாரம் இருவரும் படத்தை மறுபடியும் போட்டோம். இந்த முறை கண்ணாடி தொல்லை இல்லை. சண்டைகள் இப்போதும் அதே தீபாவளிதான், ஓட்டிவிட்டோம். ஆனால் தொடக்கத்தில் அவன் பிணத்தைச் சுமந்துகொண்டு பனியில் நடக்கிற அந்தச் சில நிமிடங்களில் மகன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான். நாவலில் கப்பலில் கிடக்கும் விக்டரின் உடலருகே அவன் அழுவான், அதோடு பனிக்கட்டி மிதவையில் ஏறி இருட்டில் மறைந்துவிடுவான். படம் அவனைத் திரும்பி வரவைத்து, ஒரு மகன் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தைச் செய்ய வைத்திருக்கிறது. முதல் முறை பார்த்தபோது பாப்கார்னில் இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

ஜெனீவா அண்ணனுக்கு ஒரு கேள்வி. மகன் ஜூன் மாதம் ஐரோப்பா வருகிறான், உங்கள் ஊரில் இரண்டு நாள் இருப்பான். அந்தச் சந்தை எந்தக் கிழமைகளில்?

ஜெனீவாவிலிருந்து

புதனும் சனியும். சனிக்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள், எனக்கு வேலை பின்னேரம்தான் தொடங்கும். சிலைக்குக் கீழே நிற்கிறேன். தம்பி மரக்கறியா, மச்சமா என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.