லாக்: பதிகையா, நிகழேடா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கணக்கியல் மென்பொருளின் இடைமுகத் (திரையில் தெரியும் சொற்களின்) தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ரெக்கார்டுக்குப் 'பதிவு' என்று வைத்துவிட்டோம். ரிஜிஸ்டர் பொத்தானும் 'பதிவுசெய்'. லாக் (log), அதாவது மென்பொருள் தன்னில் நடப்பவற்றை வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்பு, அதற்கும் அதுவே என்றால் "பிழை பதிவில் பதிவுசெய்யப்பட்டது" என்று வருகிறது. வேறு சொல் உண்டா?

—

> லாக் என்றால் மரக்கட்டைதானே?

தொடக்கம் கட்டைதான் ஐயா. கப்பலின் பின்புறமிருந்து கயிற்றில் கட்டி எறிவார்கள். பிற்காலத்தில் அது கால்வட்டப் பலகையானது. வளைந்த விளிம்பில் ஈயம் இருப்பதால் நிமிர்ந்து மிதந்து, நீரைப் பற்றி ஏறத்தாழ அசையாமல் நிற்கும். கப்பல் நகர, உருளையிலிருந்து கயிறு ஓடும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, 28 விநாடி மணற்கடிகாரம். அதற்குள் எத்தனை முடிச்சு ஓடியதோ, மணிக்கு அத்தனை கடல்மைல். நனைந்த கயிறு சுருங்கினால் வேகம் கூடுதலாகத் தெரியும். ஈரத்தில் மணல் மெதுவாக இறங்கினாலும் அதே பிழை. இந்தக் கணக்கை எழுதிய ஏடு லாக்புக் ஆயிற்று.

'லாக்' என்றே விட்டுவிடவும் முடியாது. கணிதத்தில் மடக்கையைக் குறிக்கும் லாக் வேறு சொல். கணிதவியலர் ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்டது, கிரேக்க 'லோகோஸ்' வழி வந்தது.

—

சோழர் கல்வெட்டுகளில் 'வரியிலிடு' என்றால் கணக்கேட்டில் ஏற்றுவது. கணினியின் லாக் கோப்பிலும் நிகழ்வுக்கு ஒரு வரிதான். 'வரியேடு' என்போம். ஆயிரம் ஆண்டுச் சொல் கையிலிருக்கப் புதிதாக எதற்கு?

—

கணக்கியல் மென்பொருளில் 'வரியேட்டைத் திற' என்று கண்டால் எல்லோரும் வருமான வரியைத்தான் தேடுவார்கள். கல்வெட்டிலும் அது வரிக்கணக்கோடு ஒட்டிய வழக்குதானே அம்மா?

லாக்கின் உயிர் கால வரிசை. கடைசியில் சேர்க்கலாம், நடுவில் திருத்தக்கூடாது. ஆகவே 'நிகழேடு'. வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும்.

—

நல்ல சொல், ஆனால் நிரலில் உடையும். 'நிகழேடு' வேற்றுமை ஏற்கும்போது டகரம் இரட்டி 'நிகழேட்டில்' ஆகும். நிரலோ பெயரை மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் இடத்தில்) வைத்து உருபை அப்படியே ஒட்டுகிறது. 'நிகழேடுஇல்' என்றுதான் திரையில் வரும். 'பதிகை' என்றால் யகர உடம்படுமெய்யோடு 'யில்' என ஒரே உருபைச் சேர்த்தால் போதும். விக்கிப்பீடியாவில் புகுபதிகை (லாகின்), விடுபதிகை (லாக்அவுட்) ஏற்கெனவே பழகியவை.

—

பதிகைக்கு நால்வர், நிகழேட்டுக்கு இருவர், வரியேட்டுக்கு ஒருவர். பதிகை என்றே ஒப்படைக்கிறேன்.

—

ஒப்படையுங்கள். ஆனால் பதிவு, பதிகை இரண்டும் ஒரே பகுதி, இரண்டிலும் தொழிற்பெயர் விகுதி. பொருள் வேறுபாட்டை விகுதி தாங்காது. சிறிய திரையில் கண்ணும் வழுக்கும். நிகழேடு வேண்டும் என்ற என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.