புதுப்பிப்பு: ஏற்காட்டில் ஒரே பாத்திர மாட்டிறைச்சி மக்ரோனி

ஏற்காட்டுக் குளிருக்கு ஏற்றதென்று மாட்டிறைச்சியையும் மக்ரோனியையும் ஒரே பாத்திரத்தில் சமைக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். கறி வேகும் முன்பே மக்ரோனி குழைந்துவிடாதா என்று சேலத்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் நிச்சயம் குழையும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், தோள் பகுதி இறைச்சியில் உள்ள கொலாஜன் என்னும் கெட்டியான புரதம் இளகிக் குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவதற்குத் திறந்த பாத்திரத்தில் சேலத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே பிரஷர் குக்கரையே அந்த ஒரே பாத்திரமாகக் கொள்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

அரை கிலோ இறைச்சியை எண்ணெயில் நன்றாகச் சிவக்க விட வேண்டும். சுவையின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, அவசரப்படக் கூடாது. பின்பு வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, இந்த மலையிலேயே விளையும் மிளகைப் பொடித்துச் சேர்த்து, தண்ணீர் ஊற்றிக் கறி மெத்தென்று ஆகும்வரை விசில் விட வேண்டும். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து, 250 கிராம் மக்ரோனியை அது மூழ்கும் அளவு வெந்நீருடன் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறியபடி திறந்தே வேகவைக்க வேண்டும். மக்ரோனியிலிருந்து இறங்கும் மாவுச்சத்தே குழம்பைத் திரளச் செய்துவிடும். உறையில் அச்சிட்ட நேரத்தைவிட ஏற்காட்டில் சில நிமிடங்கள் கூடுதலாகும் என்பதால், கடித்துப் பார்த்தே இறக்குங்கள்.